லயத்து ஆய்வை லயத்தவரும் வாசிக்கும்படி சுருக்குவது எப்படி?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். பேராதனையில் முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வை முடித்த தங்கச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். பதுளை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றின் மூன்று டிவிசன்களில் 60 குடும்பங்களைச் சந்தித்து, மண்சரிவு எச்சரிக்கை வந்த பிறகும் சிலர் ஏன் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் இருக்கும் வரிசை வீட்டை, விட்டு வெளியேறுவதில்லை என்று விசாரித்திருக்கிறார். ஆய்வேடு ஆங்கிலத்தில் 160 பக்கம். அதைத் தமிழ் வாசகர்களுக்கு ஒரு கட்டுரையாகச் சுருக்க வேண்டும், அந்தத் தோட்டத்துக்கே போய் மக்களிடமும் சொல்ல வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆய்வேட்டின் முன்பக்கத்தில் இருக்கும் ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழாக்கிப் போட்டால் போதாதா என்று கேட்கிறார்.

தங்கச்சி, போதாது. மலையகப் பிள்ளைகளின் ஆய்வேடுகளைப் பல வருடமாக வாசித்துத் திருத்திக் கொடுப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுச் சுருக்கம் பரீட்சகருக்காக எழுதப்படுவது. 250, 300 சொல்லுக்குள் பின்னணி, இதற்கு முன் யார் என்ன செய்தார்கள், எது விடுபட்டது, எந்த முறையில் செய்தோம், கடைசியில் என்ன கண்டோம் என்று போகும். பரீட்சகர் உங்கள் முறை சரியா என்று பார்க்க வருகிறவர். அவருக்கு அந்த வரிசை பொருந்தும். பண்டாரவளை பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் வாசிக்கும் ஆசிரியைக்குப் பொருந்தாது. முதல் பந்தியில் நீங்கள் என்ன கண்டீர்கள் என்று தெரியாவிட்டால் அவர் இரண்டாம் பந்திக்கு வரமாட்டார். அதனால் வரிசையைத் தலைகீழாக்குங்கள். கண்டதை முதலில் சொல்லுங்கள். யாரிடம், எந்த இடத்தில், எந்தக் காலத்தில் கண்டீர்கள் என்பது அதை ஒட்டியே வரட்டும். எப்படி விசாரித்தீர்கள் என்பது அதன் பிறகு. பின்னணிக்குத் தனி இடம் வேண்டாம், தேவைப்படும் இடத்தில் இரண்டு வரி போதும். முந்தைய ஆய்வுகளைப் பற்றிய அத்தியாயம் முழுவதும் போகட்டும். அதற்கு நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், ஆனாலும் போகட்டும்.

எழுத உட்காருவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு, உங்கள் அம்மாவிடம் சொல்வதுபோல ஒரே வாக்கியத்தில் கண்டதைச் சொல்லிப் பாருங்கள். உங்கள் முடிவுகளை நீங்கள் எழுதி அனுப்பவில்லை. ஆகவே மாதிரிக்கு நானே ஒன்றை வைத்துக்கொள்கிறேன், இது எந்த ஆய்வின் முடிவும் இல்லை. ஆய்வேட்டு நடையில் அது இப்படி இருக்கும்: "மண்சரிவு முன்னெச்சரிக்கைகளுக்கான சமூகத்தின் பதிற்செயற்பாட்டில் சமூகப் பொருளாதாரக் காரணிகள் செல்வாக்குச் செலுத்துகின்றமை கண்டறியப்பட்டது." இந்த வாக்கியத்தில் ஆளும் இல்லை, மழையும் இல்லை. எந்தக் காரணி, எந்தப் பக்கம் இழுத்தது என்றும் தெரியவில்லை. இதையே இப்படி எழுதலாம்: "நாங்கள் பேசிய 60 குடும்பங்களில் 37 குடும்பங்கள் எச்சரிக்கை கிடைத்தும் லயத்திலேயே தங்கின. ஏன் என்று கேட்டபோது அதிகமானோர் முதலில் சொன்னது, மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது (அன்றைய சம்பளம் பதியப்படாது) என்பதுதான்." இவ்வளவும் சொன்ன பிறகு வாசகர் தாமாகவே அடுத்த கேள்வியைக் கேட்பார். மற்ற 23 குடும்பமும் எப்படிப் போனது? அங்கேதான் உங்கள் இரண்டாம் பந்தி தொடங்குகிறது.

எண்களை எப்படிச் சொல்வது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். 60 குடும்பத்தில் 37 என்பதை "61.7 சதவீதம்" என்று எழுதாதீர்கள். கணக்கு சரிதான், ஆனால் அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் 7, ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டதுபோல ஒரு தோரணையைத் தருகிறது. 60க்கு 37 என்றே எழுதினால் எவ்வளவு பேரிடம் கேட்டீர்கள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அடுத்தது, "மலையக மக்கள் எச்சரிக்கையைப் பொருட்படுத்துவதில்லை" என்று தலைப்புப் போடும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்கவே கூடாது. நீங்கள் போனது ஒரு தோட்டத்தின் மூன்று டிவிசன்களுக்கு. பதுளைப் பக்கம் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேல் பருவமழைதான் பெரிது. மழைக்காலம் மாறினால் கொழுந்து வரத்து மாறும், வேலை நாள் மாறும், பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறை மழையோடு சேருமா என்பதும் மாறும். வீட்டை விட்டுப் போவதா இல்லையா என்ற முடிவு இத்தனையோடும் கட்டுண்டது. பதுளைப் பக்கத்து மூன்று டிவிசனில் கண்டதை நோர்வூட் பக்கத்து டிக்கோயாவுக்குக் கொண்டுபோக உங்களிடம் ஆதாரம் இல்லை.

எண்ணோடு திகதியும் போக வேண்டும். பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போனபோது, முதல் நாள்களில் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்று செய்திகள் வந்தன. பிறகு அந்த எண்ணிக்கை 40க்கும் கீழே வந்தது. முதல் எண்ணையே இன்றுவரை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கட்டுரையில் மீரியபெத்தை கட்டாயம் வரும், வரவும் வேண்டும். ஏனென்றால் அந்த இடத்து மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் ஏற்கெனவே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தும் ஏன் போகவில்லை என்ற உங்கள் கேள்விக்கு அதைவிட வலுவான பின்னணி வேறு இல்லை. ஆனால் அங்கே நடந்ததற்கு உங்கள் 60 குடும்பங்களின் பதிலை விளக்கமாக வைக்காதீர்கள். அந்த மக்களிடம் நீங்கள் கேட்கவில்லை.

அதேபோல நீங்கள் எப்போது விசாரித்தீர்கள் என்பதை முதல் பந்தியிலேயே போடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலையகம் கண்ட மண்சரிவுகளுக்கு முன்னா பின்னா என்பதை வைத்துத்தான் வாசகர் எல்லாவற்றையும் வாசிப்பார். முன் என்றால், அன்று "எங்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று சொன்னவர் இன்று அதையே சொல்வாரா என்பது யாருக்கும் தெரியாது. அந்த வரியைத் திகதி இல்லாமல் அச்சிட்டால் அவரை அறிவில்லாதவராக நிறுத்திவிடுவீர்கள்.

பின்னணியில் எதை வைத்திருக்க வேண்டும் என்றால், எச்சரிக்கை எப்படி வேலை செய்கிறது என்பதை. பலரும் இதைத் தெரிந்ததாக எடுத்துக்கொண்டு தாண்டிப் போய்விடுகிறார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவை வைத்து மூன்று படியாக எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் செம்மஞ்சள், போகத் தயாராக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ சிவப்பு, வெளியேற வேண்டும். இதை வெறும் மில்லிமீற்றராக விட்டால் யாருக்கும் மனதில் நிற்காது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். பழைய லயத்தில் 10க்கு 12 அடிக் காம்பரா (அறை) ஒன்றின் கூரைப் பரப்பில் மட்டும் 150 மில்லிமீற்றர் மழை 1,600 லீற்றருக்கு மேல் கொட்டுகிறது. லயத்துக்கு மேலே இருக்கும் மலை முழுவதும் இதே கணக்கில் குடிக்கிறது என்று அடுத்த வரியில் எழுதினால், வரைபடம் எதுவும் வேண்டாம்.

இனி காரணம் என்ற விஷயம். மாடு வைத்திருப்பவர்களில் அதிகம் பேர் வெளியேறவில்லை என்று உங்கள் அட்டவணை காட்டியதாக வைத்துக்கொள்வோம். உடனே "மாட்டை விட்டுப் போக மனமில்லாததால்" என்று எழுதத் தோன்றும். மாடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்களாக இருக்கலாம். அல்லது தொழுவத்துக்கு இடம் இருக்கிறது என்று றோட்டுக்குத் தூரமான லயத்தில் இருப்பவர்களாக இருக்கலாம். போகாததற்கு வயதோ தூரமோ காரணமாக இருந்தால் மாட்டின்மேல் பழி விழும். ஆகவே இரண்டும் சேர்ந்தே காணப்பட்டன என்று மட்டும் எழுதுங்கள். அவர்களே வாயால் "மாட்டை யார் பார்ப்பது" என்று சொல்லியிருந்தால், அவர்கள் சொன்னார்கள் என்று எழுதுங்கள். நீங்கள் எண்ணிக் கண்டது ஒன்று, அவர்கள் சொன்னது இன்னொன்று. இரண்டையும் கலக்காமல் எழுதினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அவர்கள் சொன்னது என்றதும் முக்கியமான ஒன்று நினைவுக்கு வருகிறது. நீங்கள் தமிழில் கேட்டீர்கள், அவர்கள் தமிழில் பதில் சொன்னார்கள், ஆய்வேட்டில் அது ஆங்கிலமாயிற்று. இப்போது அந்த ஆங்கிலத்திலிருந்து மீண்டும் தமிழுக்குக் கொண்டுவந்தால், "எனது நாளாந்த ஊதியத்தை இழப்பது குறித்துக் கவலையுற்றேன்" என்று ஒரு கொழுந்தெடுக்கும் அம்மா பேசுவதாக வந்து நிற்கும். எந்த லயத்தில் அப்படிப் பேசுகிறார்கள்? ஒலிப்பதிவுக்குத் திரும்பிப் போங்கள். "கேம்புக்குப் போனா பேரு விழாது. அப்புறம் கடைக்காரனுக்கு யாரு பதில் சொல்றது?" என்பது மாதிரி ஏதாவது அங்கே இருக்கும். அதில் கடைக் கடனும் சேர்ந்து வருகிறது பாருங்கள். ஆங்கிலத்தில் அது விழுந்து போயிருக்கும். ஒலிப்பதிவைக் கேட்கும்போது உங்கள் ஆய்வேட்டில் இல்லாத சிறு சிறு விஷயங்களும் அகப்படும். பேச்சை ஏட்டுத் தமிழாக்கித் திருத்த வேண்டாம். பெரட்டு, மடுவம், காம்பரா, இஸ்தோப்பு, கவ்வாத்து போன்ற தோட்டத்துச் சொற்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ வாசிப்பவருக்கு விளங்காது என்று பயந்தால் ஓட்டத்தோடு ஒரு சொல் சேர்த்துக்கொள்ளலாம். "காலையில் பெரட்டுக்குப் போய் வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில்" என்றால் பெரட்டு என்னவென்று விளங்கிவிடும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். பெயரை மாற்றிவிட்டேன், ஆகவே யார் என்று தெரியாது என்று ஆய்வு செய்யும் எல்லாரும் நம்புகிறார்கள். கொழும்பில் அது நடக்கும். தோட்டத்தில் நடக்காது. "ஓய்வுபெற்ற கங்காணி, இரண்டு பசு வைத்திருக்கிறார், மகன் கட்டாரில்" என்று எழுதினால் அந்த டிவிசனில் ஐந்து வயதுப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். அந்தக் கங்காணி, எச்சரிக்கை வந்த நாளிலும் துரை (தோட்ட மனேஜர்) வேலைக்குக் கூப்பிட்டார் என்று உங்களிடம் சொல்லியிருந்தால்? பெரும்பாலான லயக் காம்பராக்களுக்கு இருப்பவர் கையில் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. வேலை கொடுப்பதும், இருக்கிற கூரைக்குப் பொறுப்பும் ஒரே இடத்தில்தான். தொழிற்சங்கத் தோட்டத் தலைவரைப் பற்றிச் சொன்னவருக்கும் இதே ஆபத்து உண்டு. 160 பக்க ஆங்கில ஆய்வேடு நூலகத்தில் தூங்கும்வரை பிரச்சினை இல்லை. நீங்கள் தமிழில் நன்றாக எழுதினால், அது நல்ல எழுத்து என்பதாலேயே, இரண்டே நாளில் வாட்ஸ்அப்பில் அந்த டிவிசனுக்கே போய்ச் சேரும்.

என்ன செய்வது? தோட்டத்தின் பெயரைப் போடாதீர்கள், பக்கத்து டவுனின் பெயரும் வேண்டாம், மாவட்டம் போதும். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களில் கதைக்குத் தேவையானதை மட்டும் விடுங்கள். பசு தேவை என்றால் கட்டார் வேண்டாம். ஒருவர் சொன்ன எல்லாவற்றையும் ஒரே ஆள்மேல் கோக்காமல், தனித்தனிக் கூற்றுகளாகப் பிரித்து வையுங்கள். அதற்காக இரண்டு பேரை ஒருவராக்கிப் புது ஆள் செய்யவும் கூடாது, அது பொய்யாகிவிடும். படத்தில் லயத்தின் இலக்கம், கோயில் கோபுரம், சுவரில் தொங்கும் சட்டை எல்லாவற்றையும் கவனியுங்கள். பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழு தந்த அனுமதியும், மக்கள் ஒப்பமிட்ட தாளும் ஆய்வுக்கு மட்டுமே வாங்கியவை. பகிரங்கமாக எழுதப்போகிறேன் என்று அன்று நீங்கள் சொல்லவில்லை. ஆகவே யாருடைய வார்த்தைகளை எடுத்துப் போடுகிறீர்களோ அவரிடம் போய், அந்தப் பந்தியை வாசித்துக் காட்டி, மறுபடி கேளுங்கள். "வேண்டாம் பிள்ளை" என்றால் எடுத்துவிடுங்கள், எவ்வளவு அருமையான வரியாக இருந்தாலும் சரி.

முறையைப் பற்றி நான்கு வாக்கியம் போதும். எத்தனை குடும்பம், அவர்களை எப்படித் தெரிந்தெடுத்தீர்கள், வீட்டில் யார் பதில் சொன்னார், உங்களை அங்கே அழைத்துப் போனது யார். கடைசி இரண்டும் கட்டாயம் வேண்டும். ஆண்கள் மட்டும் பதில் சொன்ன வீட்டில் பெண்களின் காரணம் வந்திருக்காது. தோட்ட அலுவலகத்து ஆள் ஒருவர் கூடவே வந்திருந்தால் சிலர் வாயை மூடியிருப்பார்கள். இப்படியான குறைகளைக் கடைசியில் "ஆய்வின் வரையறைகள்" என்று மூட்டை கட்டி வைக்காமல், எந்த முடிவை அது பாதிக்கிறதோ அதன் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

சுருக்குவதற்குப் பயிற்சி வேண்டும் என்றால், அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டியின் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம், அசையாத ஒரே ஒரு படத்தாள், வேறு எதுவும் இல்லை. வீட்டில் கடிகாரம் வைத்துப் பேசிப் பாருங்கள். எது தானாக விழுகிறதோ அது கட்டுரைக்கும் தேவையில்லாததுதான். கட்டுரையின் நீளம் ஆயிரம் சொல் சுற்றி இருந்தால் நல்லது.

தோட்டத்தில் போய்ச் சொல்வது வேறு வேலை. கட்டுரையை அங்கே வாசிக்கக் கூடாது. மாலையில் கூட்டம் வைத்தால் ஆண்கள் மட்டும்தான் வருவார்கள். கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து முடிக்கப் பெண்களுக்கு இரவாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலடியிலோ பிள்ளை மடுவத்திலோ (குழந்தைகள் காப்பகம்) வைத்தால் அவர்கள் வர முடியும். சம்பள நாளைத் தவிர்த்துவிடுங்கள். புரொஜெக்டரை நம்பிப் போக வேண்டாம், மழை நாளில் கரண்ட் போகும். பெரிய தாளில் டிவிசனை வரைந்து கொண்டுபோங்கள். லயங்கள், ஓடை, றோட்டு, பாடசாலை மட்டும் இருக்கட்டும். மண் வெடிப்பு எங்கே, ஊற்று புதிதாக எங்கே கிளம்பியது என்று அவர்களே வந்து குறிக்கட்டும். அவர்கள் குறிப்பதில் சில உங்கள் ஆய்வேட்டிலேயே இருக்காது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் செய்யக் கூடாது. "இந்த லயத்தில் இத்தனை பேர் போகவில்லை" என்று கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். மூன்று டிவிசனையும் சேர்த்த எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் எழுந்து, "இதையெல்லாம் எழுதிட்டீங்க சரி, எங்களுக்கு வீடு வருமா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. வரும் என்று சொல்ல உங்களுக்கு அதிகாரமில்லை, அதை நேராகச் சொல்லிவிடுங்கள். அதோடு உங்கள் பரிந்துரைகளை யார் செய்யக்கூடியது என்று பிரித்துச் சொல்லுங்கள். ஆய்வேடுகளின் கடைசி அத்தியாயத்தில் "அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறோம், அதைப் படித்து யாரும் அசைவதில்லை. வெளியேறிய நாளுக்கும் பேர் போடுவது தோட்ட நிருவாகம் முடிவு செய்யக்கூடியது. தொழிற்சங்கம் அதைப் பேச்சுவார்த்தையில் கேட்க முடியும். தனிக் காணியில் புது வீடு என்றால் அந்த இடம் பாதுகாப்பானதா என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்க்க வேண்டும். இடைத்தங்கல் இடத்தில் பெண்களுக்கு மறைவான கழிப்பறை, பாடசாலையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் கிராம சேவகரும் பாடசாலை அதிபரும் ஒரு வாரத்தில் தீர்க்கக்கூடியவை. உங்கள் 60 குடும்பங்களும் சொன்ன காரணங்களை இப்படி ஒவ்வொருவர் மேசைக்கும் பிரித்துப் போடுங்கள்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போகும்போது கையில் கொடுக்க ஒரு பக்கத் தாள் இருக்கட்டும். பெரிய எழுத்தில் கண்டது மூன்று வரி, மூன்று எச்சரிக்கைப் படிகள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம். அதே தாளைச் சிங்களத்திலும் ஒன்று செய்து பிரதேச செயலகத்துக்குக் கொடுங்கள். எச்சரிக்கையைக் கொண்டுவரும் அதிகாரிகளில் பலர் தமிழ் வாசிக்காதவர்கள். மொழிபெயர்ப்பைச் செய்து தர உங்களோடு படித்த சிங்கள நண்பர் ஒருவரையே கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள். கட்டுரையை முதலில் வெளியிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போக வேண்டாம். முதலில் தோட்டம், அங்கே வரும் திருத்தங்களைச் சேர்த்த பிறகு கட்டுரை.